எண்ணெய் வடித்த கியர்பாக்ஸ்

இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் என் பட்டறையில் இரண்டு விதமாக இறங்கும். ஒன்றைப் பிரித்தால் கீழே வைத்த டிரே நிறைய எண்ணெய் வடியும். இன்னொன்றின் கிளட்ச் பக்கத்தைத் திறந்தால் கறுப்புத் தூள்தான் உதிரும். அங்கே எண்ணெய் தென்பட்டால் அதுவே கோளாறு. முதலாவது வெட் கிளட்ச், இரண்டாவது டிரை கிளட்ச். கார் வாங்கப் போகிறவர்கள் எது நல்லது என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். நல்லது கெட்டது இருக்கட்டும். எண்ணெயோடு கடைக்கு வந்த ஒரு சாமானிலிருந்து எண்ணெயை யார் வடித்தார்கள், எதற்காக வடித்தார்கள் என்பதை முதலில் சொல்கிறேன்.

நான் சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருந்தவரின் மகன். அப்பா காலத்து லாரியில் கியரைக் குறைக்கக் கிளட்ச்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். ஒரு மிதியில் நியூட்ரல், நடுவில் ஆக்சிலரேட்டரை ஒரு உறுமல், அடுத்த மிதியில் கியர். தப்பினால் பல் கத்தும். அந்தச் சத்தத்தைக் கேட்டே வருகிற டிரைவர் பழையவரா புதியவரா என்று அப்பா சொல்லிவிடுவார். பிறகு நான் அம்பத்தூருக்கு வந்து பட்டறை போட்டேன். அம்பாசடர் போய் மாருதி வந்தது, மாருதிக்குப் பின் ஆட்டோமேட்டிக் வண்டிகள் வந்தன. கிளட்ச் பிளேட் கருகுகிற வாடை மட்டும் அன்று முதல் இன்று வரை ஒன்றுதான்.

அந்த வாடைதான் இந்தக் கதையின் மூலம். வண்டி நிற்கும்போதும் இஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுற்றுவதையும் நிற்பதையும் சேர்க்க வேண்டுமானால் நடுவிலுள்ள கிளட்ச் கொஞ்ச நேரம் உரசித்தான் ஆக வேண்டும். நம் டிரைவர்கள் ஹாஃப் கிளட்ச் என்பது இதைத்தான். உரசினால் சூடு; அந்தச் சூட்டை எங்கே கொண்டுபோய் இறக்குவது? கையால் கியர் போடும் காரில் பிளேட் காற்றில் கிடக்கிறது. பிரஷர் பிளேட்டின் இரும்பு சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வண்டி ஓடும்போது மெல்ல ஆறுகிறது. மோட்டார் சைக்கிளில் பெரும்பாலும் கிளட்ச் இஞ்சின் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கிறது. ஆக, ஸ்பிளெண்டர் ஓட்டுகிற எல்லாருக்கும் வெட் கிளட்ச் பழக்கம்தான், தெரியாமலே. எண்ணெய்க்குள் பிடிமானம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும் என்பதால் ஒரு பிளேட் போதாது, பல பிளேட்டுகளை அடுக்க வேண்டும். அவை எண்ணெயைக் கலக்கிக்கொண்டே சுற்றுவதில் கொஞ்சம் சக்தி வீணாகும், எண்ணெயைத் தள்ள ஒரு பம்பும் வேண்டும். பதிலுக்கு எண்ணெய் சூட்டைச் சுமந்துபோய்க் கூலரில் விட்டுவிடும். இரண்டுக்கும் உள்ள வழக்கு இவ்வளவுதான்.

இரட்டைக் கிளட்ச்சை யோசித்தவர் பனியில் கார் ஓட்டிப் பழகியவர். அடால்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சுக்காரர், ரஷ்யாவில் ஜார் இரண்டாம் நிக்கோலஸின் கார் கொட்டகையைக் கவனித்துவந்தார். பனியில் டயர் புதைகிறது என்று பின்சக்கரத்தை எடுத்துவிட்டு, பட்டை ஓடுகிற அமைப்பைப் பொருத்தினார். புரட்சி வந்தபின் ஊர் திரும்பியவரை சிட்ரோயன் சேர்த்துக்கொண்டது. 1922 டிசம்பரில் அல்ஜீரியாவில் கிளம்பி, சஹாராவைக் கடந்து, 1923 ஜனவரியில் திம்புக்டு போய்ச் சேர்ந்த சிட்ரோயன் வண்டிகள் ஓடியது கெக்ரெஸின் பட்டையில்தான். பனிக்குச் செய்தது மணலுக்கும் உதவிற்று. ஒரு சீதோஷ்ணத்துக்குச் செய்த சாமான் வேறொன்றில் இப்படிப் பிழைப்பது எப்போதும் நடப்பதில்லை.

கெக்ரெஸ் 1939-இல் வடிவமைத்த கியர்பாக்ஸுக்கு ஆட்டோசெர்வ் என்று பெயர். ஒன்று, மூன்று கியர்களுக்கு ஒரு கிளட்ச். இரண்டு, நான்குக்கு இன்னொன்று. ஒற்றைப்படைக் கியரில் வண்டி ஓடும்போதே அடுத்த இரட்டைப்படைக் கியரைப் போட்டுத் தயாராக வைத்துக்கொள்ளலாம். மாற்றும் நேரம் வந்ததும் ஒரு கிளட்ச் விடும், அதே மூச்சில் மற்றது பிடிக்கும். சாமி புறப்பாட்டில் தோள் மாற்றுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். புதுத் தோள் கொம்பைத் தாங்கிய பிறகுதான் பழைய தோள் விலகும், சாமி ஆடாது. அதே வித்தை. ஆனால் சிட்ரோயன் 1934-இலேயே கடனில் விழுந்து மிஷெலின் கைக்குப் போயிருந்தது. அதற்கு மேல் போர். 1943-இல் கெக்ரெஸ் இறந்தார். கியர்பாக்ஸ் உற்பத்திக்கு வரவே இல்லை.

பணம் இருந்திருந்தாலும் அன்று அது ஓடியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். இரண்டு கிளட்ச்சில் ஒன்றை எவ்வளவு விடுவது, மற்றதை எவ்வளவு பிடிப்பது என்று கண்ணிமைக்கும் நேரத்துக்குள் கணக்குப் பார்க்க ஒரு மூளை வேண்டும். கொஞ்சம் முந்தினால் இரண்டு கியர் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பிந்தினால் இஞ்சின் அலறும். அந்த மூளை கிடைக்க நாற்பது வருடம் ஆயிற்று. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தின் லீமிங்டன் ஸ்பாவில் ஆட்டோமோட்டிவ் புராடக்ட்ஸ் என்ற கம்பெனி, முன்பு ட்ரையம்ஃப் கார்களின் தலைமைப் பொறியாளராக இருந்த ஹாரி வெப்ஸ்டரின் மேற்பார்வையில், எலக்ட்ரானிக்ஸ் பூட்டிய இரட்டைக் கிளட்ச்சைச் செய்து ஃபோர்ட் ஃபியஸ்டாவிலும் பிற்பாடு பியூஜோ 205-இலும் ஓட்டிப் பார்த்தது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெட்டியில் ஒரு கிளட்ச் டிரை, இன்னொன்று பல பிளேட் அடுக்கிய வெட். பின்னாளில் கோர்ட்டு வரை போன இரண்டு கட்சியும் ஒரே வீட்டில் குடியிருந்தது அப்போதுதான்.

அடுத்து போர்ஷே. அவர்கள் இதை ரேஸுக்கு எடுத்துப் போனதில் ஒரு காரணம் உண்டு. டர்போ இஞ்சினில் கியர் மாற்றக் காலை எடுத்தால் டர்போவின் அழுத்தம் விழுந்துவிடும். மறுபடி ஏற நேரம் பிடிக்கும். இரட்டைக் கிளட்ச்சில் காலை எடுக்கவே வேண்டாம். 1986-இல் மோன்சாவில் ஹான்ஸ் ஸ்டுக்கும் டெரிக் பெல்லும் பிடிகே என்று போர்ஷே பெயர் வைத்த இரட்டைக் கிளட்ச் பெட்டி பூட்டிய போர்ஷே 962-ஐ ஓட்டி ஜெயித்தார்கள். இருந்தாலும் பெட்டி கனம். அடிக்கடி மக்கர் பண்ணியது. தெருவில் ஓடும் போர்ஷே 911-க்கு அது வர 2008 ஆகிவிட்டது, அதுவும் எண்ணெய்க்குள்தான்.

சாதாரணக் காருக்கு முதலில் கொண்டுவந்தது ஃபோக்ஸ்வாகன். அவர்களின் இரட்டைக் கிளட்ச் பெட்டிகளுக்குப் பொதுப்பெயர் டிஎஸ்ஜி. 2003-இல் கோல்ஃப் ஆர்32 காரில் வந்தது ஆறு கியர் கொண்டது. கிளட்ச்சுகள் போர்க்வார்னர் கொடுத்தவை, ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்தவை, எண்ணெயில் மூழ்கியவை. அந்தப் பெட்டிக்குக் கம்பெனி வைத்த பெயர் டிக்யூ250. எடை 93 கிலோ. ஏறக்குறைய 7 லிட்டர் எண்ணெய். 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். 350 நியூட்டன் மீட்டர் இழுவையைத் தாங்கும். இன்றைக்கும் இந்தப் பெட்டி என் மேசைக்கு வந்தால் எனக்கு ஒரு மரியாதை. எண்ணெய் மாற்றாமல் விட்டவர்களைத் தவிர அது வேறு யாரையும் பெரிதாக அழவைத்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஏன் வடித்தார்கள்?

ஃபோக்ஸ்வாகனின் டிஎஸ்ஜி டிக்யூ200 என்ற ஏழு கியர் பெட்டி 2008-இல் வந்தது. சின்ன இஞ்சின்களுக்கானது, 250 நியூட்டன் மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது. கிளட்ச் ஜெர்மனியில் பூல் ஊரிலுள்ள லூக் கம்பெனியுடையது (அவர்களுக்கு நம் ஓசூரிலும் ஆலை உண்டு). நடுவில் ஒரு இரும்புத் தட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிளேட், சுற்றிலும் காற்று. எடை 70 கிலோ. பல்சக்கரங்களுக்கு மட்டும் 1.7 லிட்டர் எண்ணெய். கிளட்ச்சை இயக்கும் மெக்கட்ரானிக் பகுதிக்குத் தனியாக ஒரு லிட்டர் அளவில். முக்கியமான மிச்சம் பம்பில். பழைய பெட்டியில் இஞ்சின் ஓடும் நேரமெல்லாம் பம்ப் ஓடும். புதியதில் ஒரு சின்ன எலக்ட்ரிக் பம்ப், அழுத்தம் குறைந்தால் மட்டும் ஓடி, நிரப்பிவிட்டு நின்றுகொள்ளும். பொறியியலாகப் பார்த்தால் கண்ணைப் பறிக்கிற வேலை. நான் குறை சொல்லவே மாட்டேன். எந்த ஊருக்கு என்பதில்தான் பேச்சு.

ஐரோப்பாவில் அன்று எல்லாக் கம்பெனிகளுக்கும் கழுத்தில் கத்தி. ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 130 கிராமுக்கு மேல் கரியமில வாயு விடக் கூடாது என்று 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டது. 2015-க்குள் முழுவதும் அமலாக வேண்டும். ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு. அந்தக் கணக்கை எடுத்த சோதனையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கார் ரோட்டில் ஓடாது. ஒரு அறைக்குள் உருளைமேல் ஓடும். மொத்தம் 1,180 விநாடி, ஏறக்குறைய 11 கிலோமீட்டர். அறையின் வெப்பம் 20 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையில். ஊருக்குள் ஓட்டுவதுபோல ஒரு பகுதியை நான்கு தடவை ஓட்டுவார்கள். கடைசியில் நெடுஞ்சாலைப் பகுதி. எல்லாம் சேர்த்து வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்புவது 13 தடவை.

கத்திப்பாராவிலிருந்து சாயங்காலம் ஏழு மணிக்குப் பல்லாவரம் போகிறவர் 13 தடவை கிளம்பி எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று அவரவரே யோசித்துக்கொள்ளலாம். அதிலும் முழுசாகக் கிளம்புவது கிடையாது. முன்னால் போகிற பஸ் நான்கு அடி நகர்ந்தால் நாமும் நான்கு அடி. பிரேக்கில் கால் லேசாக, வண்டி தானாக ஊர்ந்துகொண்டிருக்கும். பழைய மாதிரி ஆட்டோமேட்டிக்கில் டார்க் கன்வெர்ட்டர் உண்டு. அதற்குள் திரவம் சுழல்வதால் ஊர்வது ஒரு சுமையே இல்லை. இரட்டைக் கிளட்ச்சில் ஊர்வதென்றால் கம்ப்யூட்டர் ஓயாமல் ஹாஃப் கிளட்ச் போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் இருந்தால் சூட்டை ஏற்றிக்கொண்டு போகும். இல்லையென்றால் அந்த இரும்புத் தட்டே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஆறுவதற்கு வண்டி ஓட வேண்டும், வண்டிதான் ஓடவில்லையே.

இது முதலில் பெரிதாக வெடித்தது சீனாவில். டிஎஸ்ஜி பற்றிய புகார்கள் குவிந்ததால் 2012-இலேயே அங்கே வாரண்டியைப் பத்து வருடமாக நீட்டினார்கள். 2013 மார்ச் 15, உலக நுகர்வோர் தினம். சீன மத்தியத் தொலைக்காட்சி ஆண்டுதோறும் அன்று இரவு கம்பெனிகளைப் பந்தாடும் ஒரு நிகழ்ச்சி நடத்தும். அந்த வருடம் டிஎஸ்ஜி மாட்டிக்கொண்டது. சில நாட்களில் 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அறிவிப்பு வந்தது. அதே வருடம் நவம்பரில் உலகம் முழுக்க 16 லட்சம் வண்டிகள். இந்த முறை காரணம் கிளட்ச் கூட இல்லை. கியர்பாக்ஸில் மிச்சம் வைத்திருந்த அந்தக் கொஞ்சம் எண்ணெய் சிந்தெடிக் வகை. வெப்பமும் ஈரப்பதமும் கூடிய ஊர்களில், நின்று நின்று போகிற ஓட்டத்தில், மின்சப்ளையில் கோளாறு உண்டாகிறது. அதை வடித்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றித் தருகிறோம் என்றார்கள். புது எண்ணெயை எடுத்துவிட்டுப் பழைய வகை எண்ணெய். எங்கள் தெரு மெக்கானிக் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஃபோர்டின் கதை இதைவிட வருத்தமானது. அவர்களிடம் பவர்ஷிஃப்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஐரோப்பாவில் 2008 முதல் டீசல் ஃபோகஸ், மான்டியோ வண்டிகளில் போட்டது வெட். சின்ன பெட்ரோல் வண்டிகளுக்குக் கெட்ராக் கம்பெனியோடு சேர்ந்து செய்தது டிரை. அமெரிக்காவில் 2011 ஃபியஸ்டாவிலும் 2012 ஃபோகஸிலும் போனது இந்த இரண்டாவதுதான். கிளம்பும்போது வண்டி உதறியது. ஒரு காரணம் எங்களுக்கு நன்றாகப் புரியக்கூடியது: உள்ளே வரும் ஷாஃப்டின் சீல் கசிந்து, கியர் ஆயில் டிரை பிளேட்டில் பட்டது. எண்ணெயில் ஊற வேண்டிய பிளேட் வேறு, எண்ணெய் படவே கூடாத பிளேட் வேறு. படக்கூடாததில் ஒரு சொட்டுப் பட்டாலும் அது பிடிக்கும், வழுக்கும், பிடிக்கும். 2014-இல் அமெரிக்காவில் கிளட்ச் வாரண்டியை ஏழு வருடம், ஒரு லட்சம் மைலாக நீட்டினார்கள். வழக்குகள் அதற்குப் பிறகும் ஓடின.

ஆஸ்திரேலியத் தீர்ப்பை நான் அடிக்கடி நினைப்பேன். அந்த நாட்டு நுகர்வோர் ஆணையம் தொடுத்த வழக்கில் 2018 ஏப்ரலில் ஃபெடரல் கோர்ட்டு ஃபோர்ட் ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. பெட்டியில் கோளாறு இருந்ததற்காக அல்ல. கோளாறு இருக்கிறது என்று தெரிந்திருந்தும், வண்டி உதறுவதற்கு நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம் என்பதுபோல வாடிக்கையாளர்களை நடத்தியதற்காக.

இந்தப் பேச்சு எந்த ஊரிலும் ஒன்றுதான். மேடவாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பையன் வந்தான். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே தேவையில்லை.

"அண்ணா, சிக்னல்ல கிளம்பும்போது வண்டி உதறுது. சர்வீஸ்ல கேட்டா, நீங்க ஓட்டுறது சரியில்லைங்கிறாங்க."

"தினமும் எங்கேருந்து எங்க போறீங்க தம்பி?"

"தாம்பரத்துலேருந்து சோழிங்கநல்லூர்ணா."

"எப்படி ஓட்டுறீங்க?"

"எப்படிண்ணா ஓட்டுறது? முன்னாடி வண்டி நகர்ந்தா நகர்றேன். இடம் விட்டா ஆட்டோக்காரர் பூந்துடறார்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. டிரை கிளட்ச்சை ஓட்ட ஒரு முறை உண்டு: முன்வண்டிக்கு இடம் விட்டு நின்று, இரண்டு மூன்று கார் நீளம் சேர்ந்த பிறகு ஒரே மூச்சில் கிளம்ப வேண்டும், மேட்டில் ஆக்சிலரேட்டரைக் கொடுத்து வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது, பிரேக்கில் நிறுத்த வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது இது முடியும். போகிற வேகத்தில் கிளட்ச் முழுசாகப் பிடித்துக்கொள்ளும். வேளச்சேரி ரோட்டில் முடியாது. மலை வண்டியைக் கெடுக்கும், ஊர் ரோடு கெடுக்காது என்று நம் ஆட்கள் நினைப்பது அப்படியே தலைகீழ்.

இந்தக் கதை நம் பக்கமே நடந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. 2013-இல் மறைமலைநகர் ஆலையில் ஃபோர்ட் ஈகோஸ்போர்ட் வந்தபோது, ஆட்டோமேட்டிக் வகையில் இருந்தது ஆறு கியர் பவர்ஷிஃப்ட். 2017-இல் வண்டியைப் புதுப்பித்தபோது, சத்தமில்லாமல் அதை எடுத்துவிட்டு டார்க் கன்வெர்ட்டரைப் போட்டார்கள். ஃபோக்ஸ்வாகன் இங்கே போலோவில் விற்ற ஏழு கியர் டிஎஸ்ஜிக்கும் அதே கதி. 2020-இல் ஒரு லிட்டர் இஞ்சின் வந்தபோது அதோடு வந்தது ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர். அடுத்த வருடம் டைகுன் வந்தபோது 1.5 லிட்டர் இஞ்சினுக்கு மட்டும் டிஎஸ்ஜியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஹூண்டாய் நேர் எதிர்த்திசையில் போனது: 2019-இல் இருங்காட்டுக்கோட்டையில் செய்த வென்யூவில் ஏழு கியர் டிரை கிளட்ச். இதில் கிளட்ச்சை அழுத்துவது எண்ணெய் அழுத்தம் அல்ல, எலக்ட்ரிக் மோட்டார். அதே ஹூண்டாய், பெரிய இஞ்சின்களுக்கென்று எட்டு கியரில் வெட் கிளட்ச் பெட்டியையும் செய்துகொண்டது. இழுவை ஏறினால் எண்ணெய் வேண்டும் என்பதில் அவர்களுக்கும் சந்தேகம் இல்லை.

2022 மார்ச்சில் டாடா ஆல்ட்ரோஸில் இரட்டைக் கிளட்ச்சைக் கொண்டுவந்தபோது விளம்பரத்திலேயே வெட் கிளட்ச் என்று போட்டுக்கொண்டார்கள். அதைப் பார்த்து நான் சிரித்தேன். இஞ்சின் சின்னது, ஐரோப்பியக் கணக்கில் அதற்கு டிரை கிளட்ச்சே தாராளம். ஒரு கிளட்ச் எண்ணெயில் ஊறுகிறது என்பதை ஷோரூமில் சொல்லி விற்கிற காலம் வரும் என்று நான் நினைத்ததில்லை. நம் ஊர் வெயிலையும் நெரிசலையும் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டதாக நான் அதைப் பார்க்கிறேன். விலை, மைலேஜ் பற்றி வேறு ஆட்கள் பேசட்டும்.

டிரை கிளட்ச் ஒழிந்துவிடவில்லை. டிக்யூ200 இத்தனைக்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது. வருடங்கள் போகப்போக உள்ளே நிறைய மாற்றிவிட்டார்கள், இப்போது வருகிறவை முன்பு போல் படுத்துவதில்லை. ஐரோப்பாவில் வழக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஸ்டெல்லான்டிஸ் கம்பெனி பியூஜோ, சிட்ரோயன் கார்களில் இப்போது போடும் இரட்டைக் கிளட்ச் பெட்டிக்குள்ளேயே 21 கிலோவாட் எலக்ட்ரிக் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. நெரிசலில் ஊர்கிற வேலையை அந்த மோட்டார் பார்த்துக்கொள்ளும். வேகம் எடுத்த பிறகு கிளட்ச் பிடித்தால் போதும். உரசலே குறைந்துவிட்டால் எண்ணெயா காற்றா என்ற கேள்விக்கு வேகம் இல்லை. என் பட்டறைக்கு அந்த மாதிரிப் பெட்டி இன்னும் வரவில்லை. வேலை கற்க வருகிற பையன்களிடம் கியர்பாக்ஸைப் பிறகு பிரிக்கலாம், முதலில் மல்டிமீட்டர் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறேன்.